ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டியில் கெளுத்தி: கோளாறைப் பார்த்துக் காரணம் அறிவது

ஆப்பிரிக்க ஏரிகளின் வண்ண மீன்களான சிக்லிட்களை வளர்ப்பவர்கள் கெளுத்தி வாங்கப் போனால் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அடியில் கிடக்கும் அழுக்கைத் தின்ன ஒரு மீன் கொடுங்கள்.” முக்கால்வாசிக் கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. மீன் கழிவைத் தின்று உயிர் வாழும் கெளுத்தி எதுவும் கிடையாது. மற்ற மீன்கள் விட்டுவைத்த தீனி அடியில் கிடந்தால் தின்னும், அவ்வளவுதான். சிக்லிட்களோ ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. துப்புரவுக்கென்று வாங்கிய மீன் பட்டினி கிடக்கிறது, இல்லையென்றால் பசியில் தின்னக் கூடாததைத் தின்கிறது.

பெருந்துறைப் பக்கம் ஐந்தடித் தொட்டியில் 14 ஆண்டுகளாக மலாவி ஏரி மீன்களை வளர்த்துவருகிறேன். ஈரோடு, திருப்பூர், கோவை நண்பர்கள் தொலைபேசியில் சொல்லும் கோளாறுகளையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் தொட்டியில் நடப்பதை மட்டும் தேடிப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

“கடையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சொல்லிக் கொடுத்தார்கள்”

உடனே பார்க்க வேண்டிய கோளாறு இது. நம் பக்கம் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் கிளாரியஸ் காரிபினஸ் என்ற மீன். பண்ணைக் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டு, அதிகாரிகள் வந்து அழித்ததாகச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அதேதான். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வாயில் நுழையும் உயிர் எல்லாம் அதற்கு இரை. ‘ஆப்பிரிக்க சிக்லிடுக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி’ என்று பெயரை வைத்துச் சேர்த்துவிடாதீர்கள்.

சிக்லிட் தொட்டிக்கு நாம் தேடும் மீன் சினோடான்டிஸ். அதிலும் டாங்கனிகா ஏரியைச் சேர்ந்தவை முதல் தேர்வு. பெட்ரிகோலா பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பழுப்பு உடலில் கரும்புள்ளி, துடுப்புகளின் ஓரத்தில் பால்வெள்ளைக் கோடு. அதே பெயரில் கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அதைவிடச் சிறிய லூசிபின்னிஸ். அதனால் கெடுதல் இல்லை. மல்டிபங்க்டேட்டஸ் என்பது குயில் கெளுத்தி. கண் பெரிதாகவும் வயிறு புள்ளியில்லாமல் வெள்ளையாகவும் இருக்கும். மலாவி ஏரிக்கே உரிய சினோடான்டிஸ் ஒன்றே ஒன்றுதான், அதன் பெயர் ஞாசே. அது நம் கடைகளுக்கு வருவது அபூர்வம். யூப்டெரஸ் நைல், நைஜர் ஆறுகளின் மீன். சிறிதாக இருக்கும்போது கொடி போன்ற முதுகுத்துடுப்பு அழகாக இருக்கும், ஆனால் இருபது சென்டிமீட்டரைத் தாண்டும். நான்கடித் தொட்டிக்கு அதை வாங்காதீர்கள்.

தென்னமெரிக்க மீன்களில் சிக்லிட்டோடு நான் துணிந்து சேர்ப்பது பிரிஸ்டில்நோஸ் ஒன்றைத்தான். உடல் கவசம் போன்றது, பி.எச். 8 வரை தாங்கும், பாசியையும் உண்மையாகவே சுரண்டித் தின்னும். கோரிடோராஸ் வேண்டாம். மென்மையான, சற்றே குளிர்ந்த நீரில் கூட்டமாக வாழும் சாதுவான மீன் அது. மலாவி ஏரியின் பாறை சிக்லிட்டான ம்புனா அதன் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும். பெரிய சிக்லிட் விழுங்கப் பார்த்தால் கோரிடோராஸின் முள் தொண்டையில் விரிந்து பூட்டிக்கொள்ளும், இரண்டுமே சாகும். ‘ஷார்க்’ என்று விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டர் வளரும் உணவு மீன். வீட்டுத் தொட்டியில் அதற்கு இடமே இல்லை.

கீழ்பவானி வாய்க்காலில் பையன்கள் தூண்டிலில் பிடித்துவரும் நாட்டுக் கெளுத்தியையும் தொட்டியில் விடாதீர்கள். பகலெல்லாம் கல்லுக்கடியில் சாதுவாகக் கிடக்கும். இரவில் அது வேட்டைக்காரன்.

“புதிதாக விட்ட கெளுத்தி இரண்டே நாளில் செத்துவிட்டது, சிக்லிட்கள் நன்றாக இருக்கின்றன”

மீன் எங்கிருந்து, எத்தனை மணி நேரம் பையில் வந்தது என்று முதலில் விசாரியுங்கள். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் மீன்களில் பெரும்பகுதி சென்னை கொளத்தூரிலிருந்து இரவெல்லாம் ஆக்சிஜன் பையில் வருகிறது. அந்தப் பைக்குள் மீன் விட்ட அம்மோனியா சேர்ந்திருக்கும். மூச்சில் வந்த கரியமில வாயு நீரின் பி.எச்.சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அந்த அம்மோனியாவின் கடுமை வெளியே தெரியாது. பையைத் திறந்து உங்கள் போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கப்படுத்தினால், அத்தனை நேரமும் பி.எச். ஏற ஏற அம்மோனியா நஞ்சாகிக்கொண்டே போகும். பி.எச். 7இல் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8.5 ஆகும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நஞ்சு. நல்லெண்ணத்தோடு செய்த காரியமே மீனைக் கொன்றுவிடுகிறது.

தொலைவிலிருந்து வந்த பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் ஒரு கிண்ணத்தால் எடுத்துத் தனித் தொட்டியில் விடுங்கள். பை நீர் ஒரு சொட்டும் வேண்டாம். தனித் தொட்டியின் பி.எச். 7.5 அளவில் இருக்கட்டும், அம்மோனியா பூஜ்யமாக இருக்கட்டும். இரண்டு, மூன்று வாரங்களில் உங்கள் பெரிய தொட்டியின் தண்ணீரை அதில் மாற்றி மாற்றி ஊற்றிப் பழக்கிய பிறகு சேர்க்கலாம். இந்தப் பொறுமை இல்லாமல் நான் இழந்த முதல் மூன்று பெட்ரிகோலாக்களை இன்றும் நினைத்தால் மனது வலிக்கிறது.

அண்மைக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீன் என்றால் மெதுவாகக் கலந்து விடுவதுதான் சரி.

பை சரி, தண்ணீரும் சரி, ஆனாலும் செத்தது என்றால் உடலைப் பாருங்கள். துடுப்பு கிழிந்து, பக்கத்தில் கடிபட்ட வட்டத் தடங்கள் இருந்தால் கொன்றவை சிக்லிட்கள். ஆரட்டஸ், சிப்போகே போன்ற முரட்டு இனங்கள் தம் கல்லைப் புதியவனுக்கு விட்டுக்கொடுக்காது. கெளுத்தியை விடும் நாளில் கற்களைக் கலைத்து மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். எல்லா மீன்களும் அன்று இடம் தேடும் வேலையில் இருக்கும். ஒன்றே ஒன்றை வாங்காமல் நான்கு, ஐந்தாக வாங்குங்கள்.

“ஆறு மாதம் நன்றாக இருந்தது, இப்போது எல்லாமே சோர்ந்து கிடக்கின்றன”

கோவைக்காரர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. அங்கே பல வீடுகளில் இரண்டு குழாய்: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். மீன் மீதுள்ள பாசத்தில் சிறுவாணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து தொட்டியை நிரப்புகிறார்கள். மனிதனுக்கு அதைப்போல ருசியான தண்ணீர் கிடையாது. ஆனால் அது மிக மென்மையான நீர். மலாவி ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை, டாங்கனிகா ஏரி 9ஐ ஒட்டி நிற்கும். தொட்டியில் மீன் கழிவை நல்ல பாக்டீரியா உடைக்கும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தாங்கச் சிறுவாணி நீரில் காரப்பொருள் போதாது. சில மாதங்களில் பி.எச். 6.5க்குச் சரிந்துவிடும். மீன்கள் நிறம் மங்கி, துடுப்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நம் கொங்கு போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் இந்த மீன்களுக்கு ஏற்றது. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், வாளியில் வெள்ளைப் படலம் படியும் தண்ணீர் என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோமே, அந்தச் சுண்ணமும் மக்னீசியமும்தான் ஏரி நீரிலும் இருப்பவை. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) இருப்பவர்கள் கடையில் சிக்லிட் உப்புப் பொட்டலம் வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். கருவி 1800 காட்டினால் தண்ணீர் கடினமானது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கருவி கரைந்திருப்பதன் மொத்த அளவைத்தான் காட்டும், இன்னது என்று சொல்லாது. ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டி, சாயக்கழிவு பாய்ந்த நொய்யல் கரையோரக் கிணறுகளில் சமையல் உப்பின் வகைதான் மிகுதி. அது ஏரி நீருக்கு ஈடாகாது. தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் அதிகமாக இருக்கலாம். கடினத்தன்மை, கே.எச். (அமிலத்தைத் தாங்கும் காரப்பொருளின் அளவு), நைட்ரேட் மூன்றையும் தனித்தனியாகச் சொட்டு மருந்துச் சோதனையில் பாருங்கள்.

ஆழத்திலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரின் பி.எச்.சையும் நம்பாதீர்கள். அதில் கரியமில வாயு கரைந்திருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஒரு வாளியில் பிடித்து, இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடவிட்டு, காலையில் அளந்தால் உண்மையான பி.எச். தெரியும்.

சிறுவாணி நீர் மட்டுமே கிடைக்கும் வீடு என்றால் ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் சுண்ணாம்புக்கல் சில்லோ பவளச் சில்லோ போடுங்கள். தோட்டத்தில் கிடக்கும் சுக்கான்கல்லே போதும். வினிகர் சொட்டினால் பொரிந்து நுரைக்கிறதா என்று பார்த்து, பூச்சிமருந்து படாத இடத்துக் கல்லாக எடுத்துக் கழுவிப் போடலாம். பி.எச். ஒரே நாளில் ஏறக் கூடாது. வாரத்துக்கு 0.3 ஏறினால் போதும்.

“கெளுத்தியைப் பார்க்கவே முடிவதில்லை” / “தலைகீழாக மிதக்கிறது”

இரண்டும் கோளாறு அல்ல. சென்ற ஆண்டு என் அக்கா மகன் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “மாமா, கெளுத்தி செத்துக் கவிழ்ந்துவிட்டது” என்றான். குரல் தழுதழுத்தது. கல்லை மெதுவாக நகர்த்தச் சொன்னேன். அது திரும்பி நீந்திப் போனது. சினோடான்டிஸ் பாறையின் அடிப்பக்கத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தலைகீழாக இருப்பது அதன் பிறவிக்குணம். செவுள் ஒழுங்காக அசைந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். நடுநீரில் பக்கவாட்டில் சாய்ந்து, தன்னைத் திருப்பிக்கொள்ள முடியாமல் மிதந்தால் மட்டுமே கவலை.

இரண்டங்குல பி.வி.சி. குழாயை ஓரடித் துண்டுகளாக வெட்டி, மீன் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் கற்களுக்கிடையில் வையுங்கள். ஒளிய இடம் நிச்சயம் என்று தெரிந்த பிறகுதான் அது வெளியே வரத் துணியும்.

“கெளுத்தி வயிறு ஒட்டிப்போகிறது” / “சிக்லிட் வயிறு வீங்கிவிட்டது”

ஒரே தவற்றின் இரண்டு முகங்கள் இவை. கெளுத்தி மெலிகிறதே என்று பகலில் இறைச்சிச் சத்து மிகுந்த மூழ்கும் தீனியைப் போடுகிறோம். அது அடியைத் தொடும் முன் ம்புனா தின்றுவிடும். ம்புனா, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழும் இனம். அதன் குடல் நீளமானது, அந்தக் கொழுத்த தீனியை அதனால் தாங்க முடியாது. வயிறு உப்பி, வெள்ளை நூல் போல மலம் தொங்கும். இரைப்பு வாங்கி ஒதுங்கி நின்றுவிட்டால் பிழைப்பது கடினம்.

வீங்கிய மீன் இன்னும் தீனி எடுக்கும் நிலையில் இருந்தால் இரண்டு, மூன்று நாள் பட்டினி போட்டு, பாதி நீரை மாற்றி, பிறகு ஸ்பைருலினா பாசித் தீனியில் மெட்ரோனிடசோல் மருந்து கலந்து கொடுத்தால் தேறும். தீனியையே மறுத்துவிட்டால் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கெளுத்திக்கு, விளக்கை அணைத்து முக்கால் மணி நேரம் கழித்துத் தீனி போடுங்கள். நான் செய்வது: மூழ்கும் வில்லை நான்கை எடுத்து, குழாய்த் துண்டுகளின் வாயருகே ஒவ்வொன்றாக விடுவேன். பத்து நிமிடம் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி அடித்தால் மீசைகள் குழாய்க்கு வெளியே நீண்டு மணலைத் துழாவும். ஒரு மீன் வில்லையைக் கவ்விக்கொண்டு பின்வாங்கும், இன்னொன்று அதன் வாலைத் தள்ளும். அந்த நேரத்தில் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் மீனின் அடிவயிற்றைப் பார்த்துவிடுங்கள். லேசாக உருண்டிருந்தால் நலம். இடுப்பெலும்பு தெரிய குழிந்திருந்தால் இந்த இரவுத் தீனியைத் தினமும் கொடுங்கள், தேறியபின் வாரம் நான்கு நாள் போதும்.

“மீசை தேய்ந்து குட்டையாகிவிட்டது”

அடியில் எம்-சாண்ட் போட்டிருக்கிறீர்களா? கருங்கல்லை உடைத்துச் செய்த மணல் அது, ஒவ்வொரு துகளுக்கும் கூர் முனை உண்டு. சல்லிக்கும் அதே குணம். உருண்ட ஆற்று மணலாக மாற்றுங்கள். அடியில் சேறு சேர்ந்து அழுகியிருந்தாலும் மீசை அரிக்கும். வேர்ப்பகுதி புண்ணாகாமல் இருந்தால் சில மாதங்களில் மீசை மறுபடி வளரும்.

“காலையில் சிக்லிட் உடம்பில் தோல் உரிந்த திட்டு” / “சின்ன மீன்கள் காணவில்லை”

தொட்டியில் சக்கர் மீன் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையில் இரண்டங்குலத்தில் முப்பது, நாற்பது ரூபாய்க்கு விற்கும் அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். குட்டியில் பாசி தின்னும். வளர வளரப் பாசியில் அதற்கு வயிறு நிறையாது. பீகாக் போன்ற அகன்ற உடல் கொண்ட சிக்லிட் இரவில் அசையாமல் நிற்கும்போது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தோலின் வழவழப்பைச் சுரண்டும். செதில் போய் வட்டமாக வெளுத்த திட்டு, அதுவும் இரவு கழிந்த காலையில் மட்டும் புதிதாகத் தெரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அதைப் பிரித்துவிடுங்கள். புண்ணுக்குத் தண்ணீர் மாற்றமே பெரும்பாலும் போதும்.

பிரித்த மீனை என்ன செய்வது? கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். உக்கடம் பெரியகுளத்திலோ சிங்காநல்லூர்க் குளத்திலோ உங்கள் ஊர் ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது காற்றையும் விழுங்கி மூச்சு விடும், சாக்கடை நீரிலும் பிழைக்கும், கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும், அதன் முரட்டுத் தோலும் முள்ளும் மீனவர் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

திட்டு இல்லை, மீன் மட்டும் குறைகிறது என்றால் கெளுத்தியின் வாய் அகலத்தையும் காணாமல்போன மீனின் உடல் உயரத்தையும் ஒப்பிடுங்கள். நுழையும் என்றால் விடை அதுதான். பெட்ரிகோலா அளவு மீன்கள் பிறந்த குஞ்சுகளை மட்டுமே தின்னும். மூன்றங்குல மீன் காணாமல் போனால் அது யூப்டெரஸ் அல்லது நாட்டுக் கெளுத்தியின் வேலை.

“மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது”

ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டி நீர் 32, 33 ஆகிவிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 32இல் 7.3தான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடுகிறது. சிக்லிட்களும் சேர்ந்து மேலே வந்தால் காரணம் இதுதான். ஏர் பம்பைக் கூட்டுங்கள், மூடியைத் திறந்து மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மீது வீசவிடுங்கள், இரண்டு, மூன்று டிகிரி குறையும். அந்த மாதங்களில் தீனியைப் பாதியாக்குங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வெயில் இல்லாத நாளில் கெளுத்தி மட்டும் மேலே வந்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்துவிட்டுப் பிறகு பேசலாம்.

“வெள்ளைப் புள்ளிக்கு மருந்து போட்டேன், கெளுத்தி துடிக்கிறது”

சினோடான்டிஸ் உடலில் செதில் கிடையாது. செம்பு மருந்தும் மாலகைட் கிரீனும் தோலைச் சுடும். துடித்தால் உடனே பாதி நீரை மாற்றி, ஃபில்டரில் கரி போடுங்கள். அடுத்த முறை கெளுத்தியோடு சேர்த்து மருந்திட நேர்ந்தால் பாதி அளவே போட்டு, வெப்பத்தை மெதுவாக 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றைக் கூட்டி, பத்து நாள் தொடருங்கள். வெப்பம் கூடினால் கிருமியின் வாழ்க்கைச் சுற்று வேகமாகி, மருந்து படக்கூடிய நீந்தும் பருவத்துக்குச் சீக்கிரம் வரும்.

“பிடித்தபோது கிறீச் என்று கத்தியது, வலையில் மாட்டிக்கொண்டது”

கத்தியது பக்கத்துடுப்பு முள்ளை மூட்டில் உரசி எழுப்பும் ஓசை. பயந்திருக்கிறது, அடிபடவில்லை. முள் விரிந்து பூட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். வலையோடு நீருக்குள்ளேயே வைத்து, கத்தரியால் வலை நூலை முள்ளைச் சுற்றி நறுக்குங்கள். வலை போனால் நூறு ரூபாய், துடுப்பு மூட்டு பிய்ந்தால் மீன் போய்விடும். இனிமேல் கிண்ணத்தால் பிடியுங்கள். வெளியூர் கொண்டுபோனால் இரட்டைப் பை போடுங்கள், முள் ஒன்றைக் கிழித்துவிடும்.

“சிக்லிட் வாயிலிருந்து கெளுத்திக் குஞ்சு வந்தது”

உங்களிடம் இருப்பது மல்டிபங்க்டேட்டஸ். சிக்லிட் ஜோடி முட்டையிடும் நொடியில் கெளுத்தி ஜோடி குறுக்கே புகுந்து தன் முட்டைகளைச் சிதறவிடும், கிடைக்கும் சிக்லிட் முட்டைகளையும் விழுங்கும். தாய் சிக்லிட் பதறி அள்ளும்போது கெளுத்தி முட்டைகளும் வாய்க்குள் போய்விடுகின்றன. அவை முந்திப் பொரிக்கும். தம் மஞ்சள் கரு தீர்ந்ததும் அதே வாய்க்குள் இருக்கும் சிக்லிட் கருக்களைத் தின்று வளரும். குயில் கெளுத்தி என்ற பெயர் அதனால்தான். டாங்கனிகா ஏரியில் இந்த வழக்கம் இருப்பது 1986இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. மலாவி சிக்லிட்களும் நம் தொட்டியில் இதற்கு ஏமாறும்.

சிக்லிட் குஞ்சுகள் வேண்டுமென்றால் வாயில் முட்டை ஏந்தும் முன்பே அந்தப் பெண்ணையும் ஆணையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கெளுத்திக் குஞ்சுகள் வேண்டுமென்றால் வந்தவற்றை உடனே தனியாக எடுத்து, அன்று பொரித்த ஆர்டீமியாவை (உப்புநீரில் வாழும் நுண் இறால் குஞ்சு) காலை, மாலை கொடுங்கள். பசித்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். முதல் வாரம் தீனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.